இருட்டுக்குக் காத்திருந்த கார்கள்



இன்று நான் பேச எடுத்துக்கொண்டது டிரைவ்-இன் தியேட்டர். காரை விட்டு இறங்காமலே படம் பார்க்கிற கொட்டகை. கொட்டகை என்று வாய்தவறிச் சொல்கிறேன்; அதற்குக் கூரை இல்லை, சுவர் இல்லை. ஒரு பெரிய மைதானம், அதன் ஒரு கோடியில் உயரமாக ஒரு வெள்ளைத் திரை, எதிரே வரிசை வரிசையாகக் கார்கள். அவ்வளவுதான்.

ஒன்று கேட்கிறேன். படம் பார்க்க இதைவிட மோசமான ஓர் ஏற்பாடு உண்டா? திரையில் விழும் வெளிச்சம் மங்கல். நிலா வந்தால் இன்னும் மங்கல். முன்கண்ணாடியில் தூசி. கண்ணாடியை இறக்கினால் கொசு, ஏற்றினால் புழுக்கம். மழை வந்தால் வைப்பர் ஓட ஓடத்தான் கதாநாயகியின் முகம் தெரியும். அந்தக் காலத்தில் வசனம் வந்ததோ ஒரு தகரப் பெட்டி ஒலிபெருக்கியிலிருந்து. படத்தைப் படமாகப் பார்க்க விரும்புகிற எவனும் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கமாட்டான். அப்படியிருக்க, அமெரிக்காவில் அறுபது எழுபது வயதுக்காரர் ஒருவரிடம் டிரைவ்-இன் என்று சொல்லிப் பாருங்கள். முகமே மாறிவிடும். ஏன்? எதை நினைத்து அந்த ஏக்கம்? அதுதான் இன்றைய என் கேள்வி.

கதையை ஆரம்பத்திலிருந்து சொல்கிறேன்.

அமெரிக்காவின் நியூஜெர்சி மாநிலத்தில் ரிச்சர்ட் ஹாலிங்ஸ்ஹெட் என்று ஒருவர். அப்பா நடத்திய கம்பெனியில் வேலை; காருக்கான பாலிஷ், எண்ணெய் போன்ற சாமான்கள் விற்கிற கம்பெனி. காலம் 1930-களின் தொடக்கம். பெரும் பொருளாதார மந்தம். வேலையில்லை, காசில்லை. அந்தச் சமயத்தில் இந்த மனிதர் ஒரு கணக்குப் போட்டார். கையில் காசு குறையும்போது ஜனங்கள் எதையெதை விடுகிறார்கள், எதைக் கடைசிவரை விடமாட்டேன் என்கிறார்கள்? காரையும் விடவில்லை, சினிமாவையும் விடவில்லை. சரி, இரண்டையும் சேர்த்துவிட்டால்? அவருடைய தாயார் பருமனானவர், தியேட்டர் நாற்காலி அவருக்குச் சிரமம், அதனால்தான் இந்த யோசனையே பிறந்தது என்றும் ஒரு கதை வழங்குகிறது.

யோசனை வந்ததும் என்ன செய்தார்? ரிவர்டன் என்ற ஊரில் தன் வீட்டு வாசலிலேயே சோதனையில் இறங்கினார். இரண்டு மரங்களுக்கு நடுவே துணியைக் கட்டினார். காரின் மூக்கின் மேல் கோடக் புரொஜெக்டர் ஒன்றை வைத்தார். திரைக்குப் பின்னால் ஒரு ரேடியோ. மழை பெய்தால் எப்படி இருக்கும்? தோட்டத்துக்குத் தண்ணீர் தெளிக்கும் கருவியைத் திறந்து காரின் மேல் பொழியவிட்டு, உள்ளே உட்கார்ந்து பார்த்தார். அக்கம்பக்கத்தார் என்ன நினைத்திருப்பார்கள் என்று யோசித்தால் எனக்குச் சிரிப்பு வருகிறது.

ஆனால் பெரிய சிக்கல் மழையல்ல. முன்னால் நிற்கும் கார் மறைக்குமே, அதுதான். காரின் முன்சக்கரங்களுக்கு அடியில் கட்டைகளைக் கொடுத்து, எவ்வளவு தூக்கினால் பின்னால் இருப்பவனுக்கு முன்னால் இருக்கும் காரின் கூரைக்கு மேலே திரை தெரியும் என்று அளந்தார். ஒவ்வொரு வரிசையிலும் மண்ணை மேடாக்கினால், கார் மூக்கைச் சற்றே தூக்கிக்கொண்டு நிற்கும். கேட்டால் எளிது. அந்த மண்மேட்டுக்குத்தான் 1933 மே 16-ஆம் தேதி அமெரிக்க அரசு காப்புரிமை கொடுத்தது. பதினாறு வருடம் கழித்து, 1949-ல், மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று அது செல்லாது என்றது. சரிவான தளத்தில் மனிதர்களை உட்காரவைப்பது பழைய சங்கதி, மனிதர்களுக்குப் பதில் கார்களை நிறுத்தினால் அது புதுக் கண்டுபிடிப்பாகிவிடுமா என்பது நீதிபதிகளின் வாதம். சட்டப்படி சரியாக இருக்கலாம். எனக்கென்னவோ அந்த மனிதர் மேல் இரக்கம்தான் வருகிறது.

1933 ஜூன் 6. கேம்டன் நகரத்தை ஒட்டி முதல் டிரைவ்-இன் திறந்தது. 400 கார்களுக்கு இடம். காருக்கு 25 சென்ட், ஆளுக்கு 25 சென்ட், குடும்பம் எவ்வளவு பெரிதானாலும் மொத்தம் ஒரு டாலருக்கு மேல் இல்லை. ஓடிய படம் ‘ஒய்வ்ஸ் பிவேர்’ என்ற நகைச்சுவை. புதுப்படமும் அல்ல. புதுப்படம் கொடுக்கப் படக் கம்பெனிகளுக்கு மனமில்லை. ஒலிபெருக்கிகள் திரையோரமே இருந்ததால் கடைசி வரிசைக்கு உதடு முதலில் அசையும், வசனம் பிறகு வந்து சேரும். அக்கம்பக்கத்து வீடுகளுக்கோ டிக்கெட் இல்லாமலே முழு வசனமும் கேட்கும். கார் ஜன்னலில் மாட்டிக்கொள்ளும் சின்ன ஒலிபெருக்கி பிற்பாடுதான் வந்தது. அது வந்ததும் இன்னொரு தொல்லை. படம் முடிந்த மயக்கத்தில் அதைக் கழற்ற மறந்து காரைக் கிளப்பி, கம்பியோடு பிய்த்துக்கொண்டு போனவர்கள் ஏராளம்.

ஜூன் மாதம் என்று சொன்னேன் அல்லவா? அதைக் கொஞ்சம் கவனியுங்கள். நியூஜெர்சியில் ஜூன் மாதத்தில் சூரியன் மறையவே இரவு எட்டரை ஆகிவிடும். மறைந்த பிறகும் வெளிச்சம் போகாது. நம் ஊரில் சூரியன் விழுந்தால் அரை மணியில் இருட்டு வந்துவிடும். அங்கே அப்படியில்லை; அந்தி இழுத்துக்கொண்டே போகும். இருட்டாமல் படம் போட முடியாது. நல்ல இடம் பிடிக்கவோ முன்கூட்டியே வரவேண்டும். அப்படியானால் என்ன அர்த்தம்? நூற்றுக்கணக்கான பேர் ஒரு மைதானத்தில் வேலை ஏதுமில்லாமல் இருட்டுவதற்காகக் காத்திருந்தார்கள்.

நண்பர்களே, நான் சொல்ல வந்தது இதுதான். டிரைவ்-இன்னுக்குப் போனவர்கள் நினைத்து ஏங்குவது படத்தையல்ல. அந்தக் காத்திருப்பைத்தான்.

சந்தேகமா? அவர்களிடம் என்ன படம் பார்த்தீர்கள் என்று கேளுங்கள். பாதிப் பேருக்குப் பெயர் நினைவிருக்காது. திரைக்கு அடியில் என்ன இருந்தது என்று கேளுங்கள். ஊஞ்சல், சறுக்குமரம் என்று மளமளவென்று சொல்வார்கள். ஆம், திரைக்கு நேர்கீழே குழந்தைகளுக்கு விளையாட்டு மைதானம் வைத்திருந்தார்கள். வீட்டிலேயே இரவு உடை மாட்டி அழைத்துவரப்பட்ட பிள்ளைகள் அதே உடையில் சறுக்கி விளையாடும். அம்மாக்கள் பின்சீட்டில் போர்வை விரிப்பார்கள். அப்பாக்கள் காரின் முன்பக்கம் சாய்ந்துகொண்டு பக்கத்துக் கார்க்காரரோடு பேசுவார்கள். கேன்டீனில் வறுத்த உருளைக்கிழங்கு வாசம். வானம் ஆரஞ்சிலிருந்து ஊதாவாகி, ஊதாவிலிருந்து கருநீலமாகும். திரையில் ஏதாவது விளம்பரம் மங்கலாகத் தெரிய ஆரம்பித்ததும் கார் ஹாரன்கள் ஒன்றுசேர்ந்து அலறும். பிள்ளைகள் ஓடிவந்து ஏறிக்கொள்வார்கள். முதல் படம் பாதி தாண்டும் முன் தூங்கியும் விடுவார்கள்.

இப்படிக் காத்திருந்த அனுபவம் நமக்கு மட்டும் புதிதா என்ன? நம் டூரிங் டாக்கீஸும் இருட்டுக்குக் காத்திருந்த சினிமாதான். கூடாரத்தின் பக்கவாட்டிலெல்லாம் வெளிச்சம் வரும். பகல் காட்சி நடத்த வழியில்லை. பொழுது சாய்ந்ததும் பக்திப் பாட்டு ரிக்கார்டு போடுவார்கள். அடுப்படியில் இருக்கிற பெண்கள் கையைத் துடைத்துக்கொண்டு அவசர அவசரமாகக் கிளம்புவார்கள். மணலைக் குவித்து மேடாக்கி, முன்னால் இருப்பவன் தலைக்கு மேலே பார்க்க வழிசெய்துகொள்வோமே, நினைவிருக்கிறதா? ஹாலிங்ஸ்ஹெட் காப்புரிமை வாங்கிய அதே மண்மேடு! நம் பையன்கள் காப்புரிமை கேட்கவில்லை. பின்னால் இருந்தவனிடம் திட்டு மட்டும் வாங்கினார்கள்.

அமெரிக்காவுக்குத் திரும்புகிறேன். இரண்டாம் உலகப் போர் முடிந்தபோது அங்கே நூற்றுச் சொச்சம் டிரைவ்-இன்கள்தான். 1958-ல் 4,000-க்கும் மேல். பதின்மூன்றே ஆண்டுகள்! போரிலிருந்து திரும்பிய வாலிபர்கள் கல்யாணம் செய்துகொண்டார்கள், நகரத்துக்கு வெளியே வீடு வாங்கினார்கள், கார் வாங்கினார்கள், வரிசையாகப் பிள்ளை பெற்றார்கள். கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு எந்தத் தியேட்டருக்குப் போவது? குழந்தை அழுதால் ‘வெளியே தூக்கிட்டுப் போங்கம்மா’ என்று அதட்டாத ஒரே திரையரங்கு டிரைவ்-இன். பால்புட்டியைச் சூடுபண்ணித் தரவும் சில இடங்களில் ஏற்பாடு இருந்தது. நடக்க முடியாத முதியவர்கள், சக்கர நாற்காலிக்காரர்கள், அழுக்குச் சட்டையோடு வயலிலிருந்து நேராக வந்தவர்கள், யாருக்கும் கூச்சம் வேண்டியிருக்கவில்லை. தனியாகவும் இருக்கலாம், கூட்டத்தோடும் இருக்கலாம். இந்த இரட்டை வசதியை வேறெந்தத் தியேட்டர் கொடுத்தது?

காதலர்களுக்கும் அதே வசதிதான் என்பதை நான் சொல்லி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. பாதிரியார்களும் பத்திரிகைகளும் கண்டித்தார்கள். கண்டிக்கக் கண்டிக்கக் கூட்டம் கூடியது. ஆள் கணக்கில் டிக்கெட் என்றால் இரண்டு பேர் டிக்கியில் ஒளிந்துகொண்டு உள்ளே வருவது அந்த வயதுக்காரர்களின் வீர விளையாட்டு. வாரத்தில் ஒருநாள் மட்டும், எத்தனை பேர் இருந்தாலும் காருக்கு இவ்வளவு என்று மொத்தமாக வாங்கினார்கள். அந்த நாளில் டிக்கியில் ஒளிய வேண்டியதில்லை, மடியிலேயே அடுக்கிக்கொண்டு வந்தார்கள்!

விசித்திரங்களுக்கும் குறைவில்லை. நியூயார்க் அருகே லாங் ஐலண்டில் கோப்பேக் என்ற ஊரில் 28 ஏக்கரில், 2,500 கார்கள் நிற்க ஒரு டிரைவ்-இன். மைதானத்தைச் சுற்றிவரக் குட்டி ரயில் வேறு. நியூஜெர்சியில் 1948-ல் எட்வர்ட் பிரவுன் என்பவர் கார்களோடு 25 சிறு விமானங்களும் வந்து நிற்கிற மாதிரி ஒன்றைத் திறந்தார். கலிபோர்னியாவில் 1955-ல் ராபர்ட் ஷுல்லர் என்ற போதகர் ஞாயிற்றுக்கிழமை காலையில் டிரைவ்-இன் கேன்டீனின் மொட்டைமாடியில் ஏறி நின்று பிரசங்கம் செய்தார், சபையார் காருக்குள். ஆஸ்திரேலியாவில் கூபர் பீடி என்று ஓர் ஊர், ஓப்பல் என்ற ரத்தினக்கல் தோண்டுகிற பாலைவன ஊர். சுரங்கத் தொழிலாளிகள் வெடிமருந்தும் கையுமாகவே திரிவார்கள். அந்த ஊர் டிரைவ்-இன் திரையில் ஓர் அறிவிப்பு காட்டுவார்கள்: வெடிபொருளைத் தியேட்டருக்குள் கொண்டுவராதீர்கள் என்று. நம் ஊர்த் தியேட்டர்களில் ‘புகை பிடிக்காதீர்கள்’ போடுவதையே குறைசொல்கிறோம்!

இவ்வளவு இனிப்பாகப் பேசிவிட்டு ஒரு கசப்பைச் சொல்லாமல் போனால் நான் நேர்மையானவனல்ல. அந்த மைதானம் எல்லோருக்குமான மைதானமாக இருந்ததா? இல்லை. தென் மாநிலங்களில் கறுப்பின மக்களுக்குப் பல டிரைவ்-இன்களில் நுழைவே கிடையாது. நுழையவிட்ட இடங்களில் தனிப் பகுதி, தனி வரிசை. கூரையும் சுவரும் இல்லாத இடத்தில்கூட மனிதன் ஒரு வேலியைப் போட்டுக்கொண்டான். 1964-ஆம் ஆண்டின் குடிமை உரிமைகள் சட்டம் வந்துதான் சட்டப்படி அது ஒழிந்தது. ஆகவே 1950-களின் அமெரிக்கா என்றதும் வண்ணவண்ணக் கார்களையும் சிரிக்கும் குடும்பங்களையும் மட்டும் காட்டுகிற விளம்பரப் படங்களை நான் நம்பமாட்டேன். அந்தப் பொன்மாலைகள் உண்மை. அவற்றை வேலிக்கு வெளியிலிருந்து பார்த்தவர்களும் உண்மை.

சரி, 4,000 தியேட்டர்கள் எங்கே போயின? நிலத்தின் விலை ஏறியது. வருஷத்தில் பாதி நாள் மூடிக்கிடக்கிற இடத்தைக் கடைவளாகம் கட்டுகிறவன் விலைபேசினான். வீட்டுக்குள் வீடியோ வந்தது. பெட்ரோல் விலை ஏறி, கார்கள் சிறுத்தன. பின்சீட்டில் போர்வை விரிக்க இடமில்லை. இதெல்லாம் எல்லோரும் சொல்வது. நான் அழுத்திச் சொல்ல விரும்புவது கடிகாரத்தை.

1966-ல் அமெரிக்கா ஒரு சட்டம் போட்டது. கோடைக்காலத்தில் நாடு முழுக்கக் கடிகாரத்தை ஒரு மணி முன்னால் தள்ளிவைக்க வேண்டும். விளைவு? எட்டரைக்கு ஆரம்பிக்க வேண்டிய படம் ஒன்பதரைக்கு ஆரம்பித்தது. ஒரே டிக்கெட்டில் இரண்டு படம் என்றால் முடியும்போது நள்ளிரவு தாண்டிவிடும். மறுநாள் வேலைக்குப் போகிறவன் எப்படி வருவான்? டிரைவ்-இன் முதலாளிகள் இந்தத் திட்டத்தை எதிர்த்துப் பல காலம் போராடியவர்கள். அரிசோனா மாநிலம் 1968-ல் அந்த ஏற்பாட்டிலிருந்தே விலகிக்கொண்டது. அங்கே எதிர்ப்புக் குரல் கொடுத்தவர்களில் அவர்களும் இருந்தார்கள். யோசித்துப் பாருங்கள். ஒரு சினிமாத் தொழில் சூரியனை நம்பி இப்படி ஒரு மணி நேரத்துக்காகச் சண்டை போட்டிருக்கிறது! காத்திருப்பது சுகம்தான். அந்தச் சுகத்துக்கும் ஓர் அளவு உண்டு. சட்டம் அந்த அளவைத் தாண்ட வைத்துவிட்டது.

கடைசி அடி 2013-ஐ ஒட்டி விழுந்தது. படக் கம்பெனிகள் பிலிம் சுருளைக் கைவிட்டு டிஜிட்டலுக்கு மாறின. ஒரு திரைக்கான டிஜிட்டல் கருவிக்குப் பல பத்தாயிரம் டாலர். கோடையில் மட்டும் கல்லாப்பெட்டி நிறைகிற குடும்பத் தொழிலுக்கு அது மலை. பலர் அதோடு கதவைச் சாத்தினார்கள். இன்று அமெரிக்காவில் சுமார் 300 மிஞ்சியிருக்கின்றன. 2020-ல் கொரோனா வந்து கூரை போட்ட தியேட்டர்களெல்லாம் பூட்டிக் கிடந்தபோது, எல்லோருக்கும் திடீரென்று டிரைவ்-இன் ஞாபகம் வந்தது. வால்மார்ட் கம்பெனி தன் கடைகளின் வாகன நிறுத்தங்களில் 160-ஐத் தற்காலிக டிரைவ்-இன்னாக மாற்றியது. நோய் தணிந்ததும் மறந்துபோயிற்று.

நம் நாட்டுக்கு வருவோம். அகமதாபாத்தில் 1973-லிருந்து சன்செட் டிரைவ்-இன். அந்தப் பக்கத்துச் சாலைக்கே டிரைவ்-இன் ரோடு என்று பெயர். சென்னைக்காரர்களுக்கோ வெகுகாலம் டிரைவ்-இன் என்றால் சினிமா ஞாபகம் வராது, காபி ஞாபகம்தான் வரும். கதீட்ரல் சாலையில் 1962 முதல் 2008 வரை உட்லண்ட்ஸ் டிரைவ்-இன் நடந்தது. கார் ஜன்னலில் தட்டை மாட்டி டிபன் கொடுத்த ஓட்டல். அந்த இடம் இன்று செம்மொழிப் பூங்கா. சினிமாவுக்கு வந்தது கிழக்குக் கடற்கரைச் சாலையின் பிரார்த்தனா, 1990-களில். இங்கே எத்தனை பேர் அங்கே போயிருக்கிறீர்கள்? கை தூக்குங்கள் பார்ப்போம்... பாதி அரங்கு தூக்குகிறது! என்ன படம் பார்த்தீர்கள்? அதோ, சிரிக்கிறீர்கள். காற்று ஞாபகம் இருக்கிறது. பாய் விரித்தது ஞாபகம் இருக்கிறது. தயிர்சாதம் ஞாபகம் இருக்கிறது. படம்தான் வரமாட்டேன் என்கிறது. நான் சொன்னதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டுமா?

பிரார்த்தனா கொரோனா காலத்தில் அடைத்தது, பிறகு திறக்கவேயில்லை. அந்தச் சாலையில் இன்று நிலம் விற்கிற விலைக்கு, கார் நிறுத்திப் படம் காட்டுவது கட்டுப்படியாகாது. குறைசொல்ல எனக்கு வாயில்லை. 2021-ல் மும்பையில் ஒரு வணிக வளாகத்தின் மேல்மாடியில் டிரைவ்-இன் திறந்தார்கள். நல்ல முயற்சிதான். ஆனால் குழந்தைகள் ஓடி விளையாடுகிற மைதானத்தை மாடிக்கு ஏற்ற முடியாதே!

ஆகவே இந்த அரங்கில் இருக்கும் பெற்றோர்களுக்கு ஒரு வார்த்தை. உங்களில் பலருடைய பிள்ளைகள் அமெரிக்காவில் இருப்பார்கள். கோடைக்குப் போய்ப் பேரப்பிள்ளைகளோடு இருந்துவிட்டு வருவீர்கள். நயாகராவைக் காட்டுவார்கள், சுதந்திரதேவி சிலையைக் காட்டுவார்கள். அதற்கிடையில் ஒரு மாலை, பக்கத்தில் டிரைவ்-இன் ஏதாவது ஓடுகிறதா என்று விசாரிக்கச் சொல்லுங்கள். பென்சில்வேனியாவில் ஓர்ஃபீல்ட் என்ற ஊரில் ஷாங்க்வைலர் டிரைவ்-இன் இருக்கிறது. 1934-ல் திறந்தது, இன்று ஓடிக்கொண்டிருப்பவற்றில் மிகப் பழையது. இப்போது ஒலி கார் ரேடியோவிலேயே வந்துவிடுகிறது. ஓடுகிற படம் எதுவாக இருந்தாலும் கவலைப்படாதீர்கள். பொழுது சாய்வதற்கு ஒரு மணி நேரம் முன்னதாகவே போய்விடுங்கள். பேரனைத் திரைக்கு அடியில் விளையாடவிடுங்கள், செல்போனைப் பையில் போடுங்கள். வீட்டிலிருந்து புளியோதரை கட்டிக்கொண்டு போகலாமா என்று கேட்பீர்கள். சில இடங்களில் தடை. சில இடங்களில் தனிக் கட்டணம் வாங்கிக்கொண்டு அனுமதிப்பார்கள், அந்தக் கட்டணத்தை முணுமுணுக்காமல் கொடுங்கள். கேன்டீனில் ஒரு பொட்டலம் பாப்கார்னாவது வாங்குங்கள். டிக்கெட் பணத்தில் பெரும்பங்கு படக் கம்பெனிக்குப் போய்விடுகிறது. அந்தத் தியேட்டர்கள் உயிரோடு இருப்பது கேன்டீன் வியாபாரத்தில்தான்.